செட்டிநாட்டு வீட்டுத் திருமணம்: இயல்பான படங்களுக்குத் தடையாகும் தவறுகள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை போன்ற ஊர்களில், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்ட நகரத்தார் வீடுகளில் திருமணம் நடத்தும் குடும்பங்களில் சில, "யாரையும் நிறுத்தி வைக்காமல், நடப்பதை நடந்தபடியே எடுங்கள்" என்று ஒளிப்படக் கலைஞரிடம் கேட்டுக்கொள்கின்றன. இதைக் கேட்டதும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டதாக எண்ணி, முகூர்த்த நாளன்று விடியலில் கேமராவோடு நேரே வந்து இறங்குவதுதான் முதல் தவறு. யாரையும் நகரச் சொல்ல முடியாத இடத்தில் நகர வேண்டியவர் ஒளிப்படக் கலைஞரே. எந்தச் சடங்கு எந்தத் தூணருகே நடக்கும், அப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கும் என்பதை முன்கூட்டியே அறியாதவர், கடைசி நேரத்தில் "கொஞ்சம் இப்படித் திரும்புங்கள்" என்று சொல்லத் தொடங்கிவிடுவார்.

இந்த வீடுகளின் அமைப்பே வெளிச்சத்தை ஒரு முறைப்படி உள்ளே அனுப்புகிறது. முகப்பைக் கடந்தால் வளவு எனப்படும் வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள் தாங்கும் தாழ்வாரம், அப்பால் இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்கோட்டில் செல்லும் வீட்டில், வளவு பளீரென்று இருக்கும்போது நான்கடி தள்ளியுள்ள தாழ்வாரம் இருண்டு கிடக்கும். இரண்டையும் ஒரே படத்தில் அடக்க முயன்று, முகங்கள் கறுத்தும் வளவு வெளுத்தும் போன படங்களை நிறையப் பார்க்க முடிகிறது. வளவை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் இருப்பவர்களை எடுத்தால், திறந்த வானத்தின் மென்மையான ஒளி அவர்களுடைய முகத்தில் நேராக விழும்; கூடுதல் விளக்கே வேண்டாம். காரைக்குடிப் பகுதி ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அப்போது வளவின் நடுவில் நிற்பவர்களின் கண்குழிகள் கறுத்துப் போகும். சித்திரை வெயிலில் பட்டுப்புடவையோடு அங்கே நிற்கச் சொல்வது, படத்துக்கு மட்டுமல்ல, மணமகளுக்கும் செய்யும் கொடுமை.

வெளிச்சம் போதவில்லை என்றதும் ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பது அடுத்த தவறு. வேறு மண்டபங்களில் இது அழகைக் கெடுப்பதோடு நிற்கும். இங்கே சுவரும் தரையுமே எதிர்த்து நிற்கும். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி மெருகேற்றிய சுவர், வழவழப்பான ஆத்தங்குடிக் கற்கள் பதித்த தரை, பெல்ஜியம் கண்ணாடிகள் எல்லாமே அந்த ஒளியைப் பிடித்து வெள்ளைத் திட்டாகத் திருப்பி அனுப்பும். கண்ணாடியில் எடுத்தவரின் உருவமும் சேர்ந்து விழும். சிவப்புத் தரையில் ஒளி பட்டுத் திரும்பும்போது, கீழே அமர்ந்திருப்பவர்களின் தாடையிலும் கழுத்திலும் செம்மை ஏறும். சிவப்பு, மஞ்சள் துணிப்பந்தலும் அப்படியே செய்யும். துணிப்பந்தலின் நிறத்தை முன்பே குடும்பத்தாரிடம் பேசி வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

ஓசையில்லாமல் எடுக்க விரும்பி மின்னணு ஷட்டரைப் பயன்படுத்துவோர் மறந்துபோவது ஒன்றுண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல்விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை ஒளி ஏறி இறங்குகின்றன. ஷட்டர் வேகம் அதற்குப் பொருந்தாவிட்டால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழும். விளக்கடியில் 1/50 அல்லது 1/100 நொடியில், இயந்திர ஷட்டரில் எடுப்பது பாதுகாப்பானது. சந்தேகமிருந்தால் முந்தைய நாள் மாலையே அந்த விளக்குகளைப் போட்டுச் சோதித்துவிடலாம்.

தாலி கட்டும் நேரம்தான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். கெட்டிமேளம் ஒலித்த மறுகணமே உட்கார்ந்திருந்த கூட்டம் எழும், அட்சதை பறக்கும், பத்துக் கைபேசிகள் குறுக்கே நீளும். அப்போது இடம் தேடுபவருக்கு முதுகுகள்தாம் கிடைக்கும். மேளக்காரர்களுக்குச் சைகை காட்டப்போகிறவர் யார் என்று முன்பே தெரிந்துகொண்டு, அவர் கை உயரும் முன்பே மணமக்களுக்குப் பக்கவாட்டில் தரையோடு தரையாக அமர்ந்துவிட வேண்டும். வீடியோ எடுப்பவரோடு முந்தைய நாளே பேசி, அவருடைய விளக்கு எந்தப் பக்கம், யார் எந்தக் கோணத்தில் என்று முடிவு செய்யாவிட்டால், ஒருவர் படத்தில் மற்றவர் நிற்பது உறுதி. இடம் நெருக்கமாக இருக்கிறதே என்று மிக அகலமான லென்ஸைப் போட்டால், ஓரத்தில் நிற்கும் அத்தைமாரின் முகங்கள் இழுபட்டுப் போகும், 35 மி.மீ. லென்ஸோடு ஓரடி பின்வாங்குவது மேல். தவறவிட்ட சடங்கை "இன்னொரு முறை" செய்யச் சொல்வதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் ஏற்க முடியாது.

இயல்பான பாணி என்று சொல்லிக்கொண்டு குழுப்படங்களை அடியோடு மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அது வெறும் வீம்பு. ஊர் ஊராகப் பிரிந்து வாழும் பங்காளிகள் ஒரே கூரையின் கீழ்ச் சேரும் நாள் அது. முகப்புப் படிகளில் அவர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த ஒரு படத்தைத்தான் ஆச்சிமார் சட்டமிட்டு மாட்டுவார்கள். பெயர்ப்பட்டியலைக் குடும்பத்துப் பெரியவர் ஒருவரிடம் வாங்கிக்கொண்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை.

வீட்டைப் பற்றிய தவறுகள் வேறு வகையானவை. பல வீடுகள் ஒருவருக்கு மட்டும் உரியவை அல்ல. புள்ளிகள் எனப்படும் மணமான குடும்பங்கள் பலவற்றுக்கும் அதில் பங்கும் அறையும் உண்டு. திருமணம் நடத்துபவர் சம்மதித்தார் என்பதற்காகப் பூட்டிய அறையைத் திறக்கச் சொல்வதும் மாடியில் ஏறுவதும் மற்றப் பங்காளிகளோடு மனத்தாங்கலில் முடியும். பர்மாத் தேக்குத் தூணில் ஆணி அடிப்பது, பூச்சுச் சுவரில் பசைநாடா ஒட்டுவது, ரப்பர் இல்லாத முக்காலியைத் தரையில் இழுப்பது எல்லாம் பணத்தால் ஈடுசெய்ய முடியாத சேதங்கள். ட்ரோன் பறக்கவிடுவதானால், 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராமுக்கு மேற்பட்டதை வணிக நோக்கில் இயக்குபவருக்கு ட்ரோன் விமானிச் சான்றிதழ் வேண்டும்.

படங்களை இணையத்தில் வெளியிடும்போது செய்யும் தவறைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. இந்த வீடுகளில் பல, ஆண்டின் பெரும்பகுதி காவலாளி ஒருவரை நம்பியே பூட்டிக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் பழம்பொருள்கள் தெளிவாகத் தெரியும் படத்தை, தெருவும் ஊரும் குறிப்பிட்டுப் பகிர்வது திருடனுக்கு வழிகாட்டுவதாகிவிடும். எந்தெந்தப் படங்களை வெளியிடலாம், ஊர்ப்பெயர் போடலாமா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.