சாதாரண பெயின்டில் பளபளக்கும் கவசம்: மினியேச்சரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெட்டாலிக் பெயின்டைத் தொடாமல், கறுப்பு, வெள்ளை, நீலம், பழுப்பு என்று சாதாரண அக்ரிலிக் வண்ணங்களை மட்டும் வைத்து மினியேச்சர் எனப்படும் சிறு உருவச் சிலையின் கவசத்தை மின்ன வைக்கும் முறைக்கு நான்-மெட்டாலிக் மெட்டல் என்று பெயர். சுருக்கமாக என்.எம்.எம். மெட்டாலிக் பெயின்டில் கலந்திருக்கும் மைக்காவோ அலுமினியத் துகளோ அறை வெளிச்சத்தைத் தானாகவே பிரதிபலித்துவிடும். என்.எம்.எம்.மில் அந்தப் பிரதிபலிப்பையே நாம் வரைய வேண்டும். 1432-இல் முடிந்த, பெல்ஜியத்தின் கென்ட் நகரத் தேவாலயத்துப் பலிபீட ஓவியத்தில் குதிரை வீரர்களின் கவசம் மின்னுவதும் இதே வழியில்தான். அங்கே எண்ணெய் வண்ணம், இங்கே அக்ரிலிக்.

இந்த முறையில் தோற்றுப்போகிறவர்களில் பெரும்பாலோர் குறை பிளெண்டிங்கில் இருக்கிறது என்று நினைத்து, நிறங்களை இன்னும் வழவழப்பாகக் கலக்கப் பாடுபடுகிறார்கள். குறை அங்கே இல்லை. ஒளியும் இருளும் தப்பான இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் கோளாறு. இடம் சரியாக இருந்தால், பிரஷ் தடம் தெரிகிற கரடுமுரடான வேலைகூட ஒரு கை தூரத்திலிருந்து உருக்காகத் தெரியும். இடம் தப்பினால், எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் அது சாம்பல் நிற பிளாஸ்டிக்தான்.

கீழே சொல்வதெல்லாம் 75 மி.மீ. உயரமுள்ள, 15-ஆம் நூற்றாண்டு மிலான் பாணித் தகட்டுக் கவசம் அணிந்த வீரன் உருவத்தை மனத்தில் வைத்து எழுதியது. பழகுவதற்கு இதைவிட நல்ல உருவம் கிடைப்பது அரிது. மிலான் கவசம் பெரிய, உருண்ட, மழமழப்பான பரப்புகளால் ஆனது. அதே காலத்து ஜெர்மன் காத்திக் கவசத்திலும், அதற்குப் பின் வந்த மாக்ஸிமிலியன் கவசத்திலும் வரிவரியாக மடிப்பு இருக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் தனியாக ஓர் ஒளி, ஓர் இருள் வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

சாம்பல் நிறத்திலேயே தங்கிவிடுவது

உருக்கு என்றதும் கை நேராகச் சாம்பல் நிற பாட்டிலுக்குப் போகும். நடுத்தரச் சாம்பலை எங்கும் பூசி, பள்ளத்தில் கொஞ்சம் இருட்டி, மேட்டில் கொஞ்சம் வெளுத்தால் கிடைப்பது சிமென்ட் சிலை. மெருகேற்றிய உருக்கு தன் எதிரே இருப்பதைத்தான் காட்டும். எதிரே இருண்ட சுவர் இருந்தால் கறுப்பு, ஜன்னல் இருந்தால் வெள்ளை. அதனால் ஒரே மார்புக் கவசத்தில் 3, 4 மி.மீ. இடைவெளிக்குள் கிட்டத்தட்டக் கறுப்பும் சுத்த வெள்ளையும் வந்தாக வேண்டும்.

பரப்பளவுக்கு ஒரு கைக்கணக்கு: பாதி இருட்டு, ஏறக்குறைய 30 சதவீதம் நடுத்தரம், 15 சதவீதம் வெளிர், சுத்த வெள்ளை 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. வெள்ளை கூடினால் உலோகம் பனி மூடியது போல ஆகிவிடும். இருட்டுக்குக் கறுப்பு 2 சொட்டு, அடர் பிரஷ்யன் நீலம் 1 சொட்டு. இந்தக் கலவைக்கும் வெள்ளைக்கும் நடுவே மூன்று படிகளைப் பேலட்டிலேயே முன்கூட்டிக் கலந்து வைத்துக்கொள்ள வேண்டும். கறுப்புக்குச் சாயமேற்றும் வலு அதிகம். ஆகவே கறுப்பில் வெள்ளையைக் கொட்டாமல், வெள்ளையில் கறுப்பைப் பிரஷ் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பதுதான் சரி.

வேலை நடக்கும்போதே போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். படம் முழுக்க ஒரே சாம்பலாகத் தெரிந்தால், துணிச்சல் போதவில்லை என்று பொருள்.

துணிக்குப் போடும் ஒளியை உலோகத்துக்கும் போடுவது

இதுதான் பெரிய தவறு. மற்ற எல்லாத் தவறுகளும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

துணி, தோல் போன்ற மேட் (பளபளப்பில்லாத) பரப்பில் மேல் நோக்கிய பகுதி வெளுக்கும், கீழ் நோக்கிய பகுதி இருளும், நடுவே மெதுவான மாற்றம். கறுப்பு பிரைமரின் (வண்ணத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) மேல் உச்சியிலிருந்து வெள்ளை ஸ்ப்ரே அடிக்கும் ஜெனிதல் முறை காட்டுவதும் இந்த ஒளியைத்தான். ஆகவே ஜெனிதலில் வெளுத்த இடத்திலெல்லாம் ஹைலைட் (மிக வெளிரான ஒளி) வைத்தால், அது உலோகமாக மாறவே மாறாது.

உலோகம் எப்படி நடந்துகொள்கிறது என்பதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். நன்றாகத் துலக்கிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றை ஜன்னலோரம் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். மேலிருந்து கீழாக நெடுக்குப் பட்டைகள் ஓடும். விளிம்பை ஒட்டி மெல்லிய இருள், அதை ஒட்டி ஒரு கீற்று வெளிச்சம், பிறகு அகலமான இருட்டு, திடீரென்று ஒரு வெள்ளைப் பட்டை. அந்த வெள்ளையின் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியது போல முடியும், மறுபக்கம் மெல்லக் கரையும். விளிம்பை நெருங்க நெருங்கப் பட்டைகள் ஒடுங்கிக்கொண்டே போவதையும் கவனியுங்கள். முன்கைக் கவசம், தொடைக் கவசம், கெண்டைக்கால் கவசம் எல்லாம் இந்த டம்ளர்தான். அவற்றில் ஹைலைட்டைக் குறுக்கே போட்டால் கை உடைந்தது போலத் தெரியும்.

தலைக்கவசமும் முழங்கால் மூடியும் உருண்டை. அதற்குக் குழிக்கரண்டியின் முதுகைப் பாருங்கள். உருண்டையில் மிகப் பிரகாசமான புள்ளி, ஒளி வரும் திசைக்கும் பார்ப்பவரின் கண் இருக்கும் திசைக்கும் சரிபாதியில் உட்காரும். விளக்கு நேர் மேலே, கண் நேர் முன்னே என்றால், அந்தப் புள்ளி உச்சந்தலையில் இருக்காது. 45 பாகை கீழிறங்கி, நெற்றிப் பக்கம் இருக்கும். அதற்குக் கீழே இருண்ட பட்டை. அதற்கும் கீழே, தரையின் பழுப்பை வாங்கிய மங்கலான ஒளி. இந்தக் கீழ் ஒளியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். இருட்டுக் கலவையில் மண் பழுப்பைச் சற்றுச் சேர்த்து அடியோரம் ஒரு கிளேஸ் (நிறையத் தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு) கொடுத்தால், கவசம் தரையில் நிற்பதாகத் தோன்றும்.

இடம் பிடிபடவில்லை என்றால் ஓர் உறுதியான வழி உண்டு. கறுப்பு பிரைமரின் மேல் கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் பூசி, காய்ந்ததும் ஒரே ஒரு மேசை விளக்கின் கீழ் வைத்து முன்னாலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். பளபளக்கும் கறுப்பு, ஒளி விழும் இடத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். பிறகு மேட் வார்னிஷ் ஒரு கை பூசிய பின்தான் வண்ணம் தொட வேண்டும். கிளாஸ் வார்னிஷ் மேல் மெல்லிய அக்ரிலிக் பிடிக்காமல் திரண்டு உருளும்.

பார்க்கும் கோணத்தை முடிவு செய்யாமல் தொடங்குவது

உண்மையான கவசத்தை நாம் சுற்றி வந்தால் ஒளியும் கூடவே நகரும். வரைந்த ஒளி நகராது. எனவே உருவத்தின் முகப்பு எது, ஒளி எந்தப் பக்கம் என்று இரண்டையும் முதலிலேயே முடிவு செய்து, எல்லாத் தகட்டிலும் அதையே பின்பற்ற வேண்டும். ஒவ்வொரு தகட்டையும் தனித்தனியாக அழகாக்கிக்கொண்டே போனால், இடத் தோளில் ஒளி வலமிருந்தும் வலத் தோளில் இடமிருந்தும் வந்து நிற்கும். கூட்டிப் பார்க்கும்போது கண் குழம்பும்.

அலமாரியில் வைக்கும் 75 மி.மீ. உருவத்தைக் கண் மட்டத்தில் பார்ப்போம். மேசை விளையாட்டில் காயாக நகர்த்தும் 32 மி.மீ. உருவத்தை மேலிருந்து சாய்வாகப் பார்ப்போம். இரண்டாவதில் தலைக்கவச ஹைலைட்டை உச்சியை நோக்கி ஏற்றிப் போட வேண்டும்.

ஒளி-இருள் வரைபடம் சரியாகும் முன்பே பிளெண்டிங்

முதலில் ஐந்து நிறங்களையும் கூச்சமில்லாமல் பட்டை பட்டையாக வைத்துவிடுங்கள். பெயின்டும் தண்ணீரும் சரிக்குச் சரி. முழுக் கவசத்துக்கும் இப்படிப் போட்டு, தள்ளி நின்று பார்த்து, தப்பான பட்டையை அழித்து வேறிடத்தில் போடுங்கள். இந்தக் கட்டத்தில் மாற்றுவது எளிது. இரண்டு மணி நேரம் குழைத்து வழவழப்பாக்கிய ஒரு தோள் கவசத்தை அழிக்க யாருக்கும் மனம் வராது. தப்பான ஒளி கடைசிவரை நிலைத்துப்போவது இதனால்தான்.

அதன் பிறகு கிளேஸ். பெயின்ட் 1 பங்குக்குத் தண்ணீர் 5 அல்லது 6 பங்கு. தோய்த்த பிரஷை டிஷ்யூவில் ஒற்றி எடுத்த பின்பே உருவத்தைத் தொட வேண்டும். ஒற்றாமல் வைத்தால் தண்ணீர் குளம் கட்டி, காய்ந்ததும் வளையமாகக் கறை நிற்கும். பிரஷ் எங்கே நின்று எடுபடுகிறதோ அங்கேதான் நிறமி அதிகம் தங்கும். ஆகவே இருட்டுக் கிளேஸை இருட்டை நோக்கியும், வெளிர்க் கிளேஸை வெளிச்சத்தை நோக்கியும் இழுக்க வேண்டும். ஒரு பூச்சு முழுதாகக் காய்ந்த பிறகே அடுத்தது. அரைகுறையாகக் காய்ந்ததைத் தொட்டால் அடிப்பூச்சே பிய்ந்துவரும். எல்லா எல்லையையும் இப்படிக் கரைத்துவிடவும் கூடாது. டம்ளரில் பார்த்த அந்தக் கூர்மையான வெட்டு இல்லாவிட்டால் உலோகம் சாட்டின் துணியாகிவிடும்.

மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்தால் பெயின்ட் பேலட்டிலேயே இறுகும். தட்டையான டப்பாவில் ஈரமான ஸ்பாஞ்ச், அதன் மேல் பேக்கிங் பேப்பர் விரித்தால் வெட் பேலட் ஆயிற்று. பிரஷ் 1 அல்லது 2-ஆம் எண், நுனி கூர்மையாக இருந்தால் போதும். 000 போன்ற மிகச் சிறிய பிரஷில் பெயின்ட் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும்.

தங்கத்துக்கு மஞ்சளும் கறுப்பும்

மஞ்சளில் கறுப்பு சேர்ந்தால் ஆலிவ் பச்சை பிறக்கும். தங்க ஓரம் பாசி பிடித்தது போல ஆவதற்குக் காரணம் அதுதான். துலக்கிய பித்தளைச் சொம்பின் நிழல் பக்கம் செம்பழுப்பாக, சில இடங்களில் கிட்டத்தட்டக் காப்பிக் கறுப்பாக இருப்பதைப் பாருங்கள். தொடக்கம் அங்கிருந்துதான். அடர் பழுப்பில் ஒரு துளி ஊதா, பிறகு நடுப் பழுப்பு, யெல்லோ ஆக்கர் (மண் மஞ்சள்), ஆக்கரும் ஐவரியும் (தந்த வெள்ளை) சரிபாதி, தனி ஐவரி, கடைசியில் வெள்ளைப் புள்ளி. பளிச்சென்ற மஞ்சளுக்கு இதில் வேலை பெரிதாக இல்லை.

தங்கம் தன் பிரதிபலிப்புக்கும் தன் நிறத்தையே ஏற்றும். அதனால் வெளிச்சப் பகுதியிலும் மஞ்சள் சாயல் நீடிக்க வேண்டும். உருக்கில் வைத்த வெள்ளையில் பாதியளவு தங்கத்துக்குப் போதும்.

எல்லா ஓரத்துக்கும் ஒரே கோடு

தகட்டின் ஓரம் முழுக்க ஒரே தடிமனில் வெள்ளைக் கோடு இழுத்தால் கவசம் கார்ட்டூன் போலாகும். ஓரக்கோடு முனைகளிலும் ஒளி நோக்கிய வளைவுகளிலும் பளிச்சென்று இருந்து, நிழல் பக்கம் போகப் போகச் சாம்பலாகி மறைய வேண்டும். பிரஷ் நுனியைவிட அதன் பக்கவாட்டை ஓரத்தில் வைத்து இழுத்தால் கோடு மெலிதாக வரும். ஒரு தகட்டுக்கும் அடுத்த தகட்டுக்கும் இடையே கறும்பழுப்புக் கோடு தவறக்கூடாது. வெள்ளை ஓரத்துக்கு வலுவே அந்தக் கோட்டால்தான்.

கீறல் போடுவதானால் சிறிய இருண்ட கோடு, அதன் கீழ் உதட்டில் அதைவிட மெல்லிய வெளிர்க் கோடு. ஒரு தகட்டுக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். அதிகமானால் நீங்கள் வைத்த ஒளிப் பட்டைகளே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

கடைசியில் கெடுப்பது

ஆணித் தலைகளில் மட்டும் மெட்டாலிக் பெயின்ட் வைப்பதும், கிளாஸ் வார்னிஷ் அடிப்பதும் ஒரே கெடுதலைத்தான் செய்கின்றன. அறையின் உண்மையான ஒளி கவசத்தில் மின்னி, நாம் வரைந்த ஒளியோடு மோதும். மேட் வார்னிஷ்தான் வேண்டும். மழைக்காலத்திலும் புழுக்கமான நாளிலும் ஸ்ப்ரே அடித்தால் வார்னிஷில் ஈரம் சிக்கி வெண்புகை படிந்தது போலாகும். முதலில் போவது பாடுபட்டு வைத்த இருட்டுதான். அப்படிப்பட்ட நாளில் பிரஷால் பூசும் மேட் வார்னிஷை மெல்லியதாக இரண்டு கை பூசலாம், நடுவே நன்றாகக் காயவிட்டு. மேட் வார்னிஷ் சுத்த வெள்ளையைச் சற்று மங்கவைப்பதும் உண்டு. ஆகவே வார்னிஷ் காய்ந்த பிறகு, தலைக்கவசம், மார்பு, முழங்கால் என்று மூன்று நான்கு உச்சப் புள்ளிகளில் மட்டும் வெள்ளையை மறுபடி தொட்டு வையுங்கள்.