கர்நாடக வயலின் கற்ற பிள்ளை ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ராவில் சேரும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வர்ணத்தை இரண்டு காலத்திலும் பிசகாமல் வாசிக்கிற பிள்ளைகூட, இளையோர் ஸ்ட்ரிங் ஆர்க்கெஸ்ட்ரா (மேற்கத்திய தந்தி வாத்தியக் குழு) ஆடிஷனில் எட்டு பார் (தாளச் சுற்று) நொட்டேஷனைப் பார்த்துத் திணறுவது உண்டு. விரலில் குறை இருக்காது. தயாரானது தனியாக வாசிக்க. அங்கே கேட்பதோ பத்துப் பேரில் ஒருவராக வாசிக்க.

முதல் தவறு வாத்தியத்திலேயே ஆரம்பிக்கிறது. தாழ்ந்த சுருதிக்குத் தளர்வாகக் கட்டியிருந்த பழைய தந்திகளை அப்படியே மேற்கத்திய முறைப்படி ஜி-டி-ஏ-இ சுரங்களுக்கு ஏற்றினால், முதல் தந்தி அறுந்துபோக வாய்ப்பு அதிகம். புது செட் வாங்குங்கள். ஆனால் நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். அழுத்தம் போனதும் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் விழும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சிறு மரக்குச்சியும் சரியலாம். அதைத் திரும்ப நிறுத்த ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். ஒன்றைக் கழற்றி, புதியதை மாட்டி, ஓரளவு ஏற்றிய பிறகே அடுத்தது. பிருடையை (சுருதி கூட்டும் முளை) முறுக்க முறுக்க பிரிட்ஜின் தலை விரற்பலகைப் பக்கம் சாயும். டெயில்பீஸ் (தந்திகளின் கீழ்முனை மாட்டும் பட்டை) பக்கத்து முகம் செங்குத்தாக நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்து, சாய்ந்திருந்தால் இரண்டு கையாலும் மெல்ல நிமிர்த்துங்கள்.

அடுத்தது விரல் கணக்கு. நம் ச-ப-ச-ப கட்டில் நடு இரண்டு தந்திகளுக்கு இடையே உள்ளது ப-ச தூரம். மேற்கத்திய முறையில் அடுத்தடுத்த எந்த இரண்டு தந்தியை எடுத்தாலும் ச-ப தூரம்தான். அதனால் பழகிய விரல் நடுவில் தந்தி மாறியதும் தப்பான சுரத்தில் விழும். ஜி மேஜர், டி மேஜர் ஸ்கேல்களை இரண்டு ஸ்தாயிக்கு மெதுவாக வாசிப்பதே இதற்கு மருந்து. சுரத்துக்குச் சறுக்கிப் போகாமல் நேராக வைக்கவும் அதே பயிற்சி உதவும். ஒருவர் கமகம் கொடுத்தாலும் மொத்த வரிசையும் அபஸ்வரமாகக் கேட்கும்.

தரையில் உட்கார்ந்து, சுருளைக் கணுக்காலில் ஊன்றி வாசித்தவர்களுக்கு நாற்காலி புதிது. இங்கே வயலினைத் தாங்குவது தோளும் தாடையும். இடது கை தாங்கினால் பொசிஷன் மாற, அதாவது கையை விரற்பலகையில் மேலும் கீழும் நகர்த்த, முடியாது. ஷோல்டர் ரெஸ்ட் போட்டு, நாற்காலியின் முன்பாதியில் உட்கார்ந்து தினம் பத்து நிமிடம் பழகட்டும்.

ஆடிஷனுக்குக் கையிருப்பிலேயே கடினமான உருப்படியைக் கொண்டுபோவது பெற்றோர் செய்யும் தவறு. நடுவர்கள் கேட்பது சுருதியும் தாளமும். ஒரு படி எளிதான இரண்டு நிமிட உருப்படி போதும். சைட் ரீடிங்கில், அதாவது முன்பு பார்க்காத நொட்டேஷனை அங்கேயே பார்த்து வாசிக்கும் சோதனையில், பார்க்கக் கிடைக்கும் அந்தச் சில நொடிகளில் விரலை ஓட்டாமல், கீ சிக்னேச்சரையும் (எந்த ஸ்கேல் என்று காட்டும் தொடக்கக் குறி) தாளக் குறியையும் மிகச் சிறிய நோட்டுகள் எங்கே வருகின்றன என்பதையும் பாருங்கள். அந்த இடம் தாங்கும் வேகமே உங்கள் வேகம். சுரம் தப்பினால் திரும்பிப் போகாதீர்கள். தாளம் நின்றால்தான் அதிக மதிப்பெண் போகும்.

இடம் கிடைத்த பிறகு ரிகர்சலில் வில்தான் காட்டிக்கொடுக்கும். மேலே மூடிய சதுரம்போல் இருப்பது கீழ்நோக்கி இழுக்கும் குறி, 'வி' போன்றது மேல்நோக்கித் தள்ளும் குறி. எல்லா வில்லும் ஒரே திசையில் போகும்போது ஒன்று எதிரே போனால் கடைசி வரிசை ரசிகருக்கும் தெரியும். மாறிவிட்டதா? ஒரு நோட்டை விட்டுவிட்டு முதல் டெஸ்க்கை (ஒரே ஸ்டாண்டைப் பார்த்து வாசிக்கும் முன்வரிசை ஜோடி) பார்த்துச் சேர்ந்துகொள்ளுங்கள். வில் குறிகள் ரிகர்சலில் அடிக்கடி மாறும், ஆகவே பென்சில். பேனா கூடவே கூடாது. ஒரு ஸ்டாண்டுக்கு இருவர் என்றால் பக்கம் திருப்புவது உள்பக்கம், அதாவது ரசிகர்களிடமிருந்து தள்ளி, இருப்பவர் வேலை. இருவரும் திருப்பக் கை நீட்டினால் அந்த டெஸ்க்கே ஊமையாகிவிடும்.

ஓய்வு பார்களை மனசுக்குள் எண்ணாமல் பக்கத்துக்காரரை நம்பி உட்கார்ந்திருப்பதும் சகஜம். அவரும் உங்களை நம்பித்தான் உட்கார்ந்திருப்பார்.

வயலினில் இடம் இல்லை என்று சொன்னால் உடனே திரும்பி வந்துவிடாதீர்கள். வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த சுரம் தரும் வயோலாவுக்கு ஆள் கிடைப்பது பல குழுக்களில் கஷ்டம். அதன் தந்திகள் சி-ஜி-டி-ஏ, எழுதுவது ஆல்ட்டோ கிளெஃபில் (கோடுகள் எந்தச் சுரம் என்று காட்டும் குறி), அதில் நடுக்கோடுதான் மத்திய சி. சிறுவர்களுக்கு 12, 13, 14 அங்குல உடல் கொண்டவையும் உண்டு.