ஆஸ்கியில் நான் கோட்டைவிட்ட இடம்

ஆஸ்கி (OSCE) என்பது மருத்துவ மாணவர்களுக்கான செய்முறைத் தேர்வு; ஒவ்வொரு ஸ்டேஷனாகப் போய், குறித்த நேரத்துக்குள் ஒரு வேலையைச் செய்துகாட்ட வேண்டும். அதற்கான முதல் மாதிரித் தேர்வில் எனக்கு நெஞ்சுவலி நோயாளியை விசாரிக்கும் ஸ்டேஷன், எட்டு நிமிடம். கேள்விப் பட்டியலை மனப்பாடம் செய்திருந்ததால் வலி எங்கே, எப்போதிருந்து, கைக்குப் பரவுகிறதா என்று அடுக்கிக்கொண்டே போனேன், நோயாளியாக நடித்த பெண்மணி நடுவில் "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்..." என்று இழுத்ததை, "சரி, சர்க்கரை இருக்கா?" என்று தாண்டிவிட்டேன். மதிப்பெண் அங்கேதான் போனது. அப்பாவின் மாரடைப்புதான் அவருடைய பயமே, கேட்டால் மட்டும் சொல்லும்படி எழுதிக் கொடுத்திருந்தார்களாம்.

அப்புறம் தனியாகப் படிப்பதை விட்டு மூன்று பேராக உட்கார்ந்தோம். ஒருவர் டாக்டர், ஒருவர் நோயாளி, கடிகாரமும் மதிப்பெண் தாளுமாக ஒருவர். நோயாளியாக நடித்தபோதுதான் குறுக்கே பேசுவது எவ்வளவு எரிச்சல் என்று உறைத்தது. "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன் (இதுதான் ரொம்பக் கஷ்டம்). பிறகு மூன்று கேள்விகளை விடுவதே இல்லை: எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், என்ன எதிர்பார்த்து வந்தீர்கள். ஆறாவது நிமிடத்தில் கேட்டதைச் சுருக்கிச் சொல்லி, விட்டுப்போனது உண்டா என்பேன்.

அடுத்த தேர்வில் தலைவலி கேஸ். கவலையைக் கேட்டதுமே மூளைக் கட்டி என்ற வார்த்தை வந்துவிட்டது.