அரை ஏக்கருக்கு விதைக்கும் கருவி: வாங்கும்போது செய்யும் தவறுகள்

ஆடி பிறந்ததும் அணைக்கட்டு, குடியாத்தம், கே.வி.குப்பம் பக்கமெல்லாம் இதே கதைதான். வேலூரில் வேலை, ஊரில் அரை ஏக்கர் என்று இருப்பவர்கள் கையால் தள்ளி விதைக்கும் புதுக் கருவியைக் கொண்டுவந்து மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறார்கள். பத்தாம் நாள் பார்த்தால் சாலில் பாதி சொட்டை. நட்டு இறுக்குவது, எண்ணெய் விடுவது எல்லாம் கருவியோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அதில் இல்லாதவற்றை மட்டும் பார்ப்போம்.

ரோலரைப் பார்க்காமல் வாங்குவது

விதையை ஒவ்வொன்றாக எடுத்துப் போடும், குழி வைத்த உருளைதான் ரோலர். காசும் விதைப்புப் பட்டமும் சேர்ந்து போவது இதில்தான். கடையில் மக்காச்சோளத்தைப் போட்டுத் தள்ளிக் காட்டுவார்கள். ஒவ்வொன்றாக அழகாக விழும். அதே ரோலரில் மல்லாட்டைப் பருப்பைப் போட்டால் கதை வேறு. குழி சிறியதாக இருந்தால் பருப்பு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே இருக்கும் பிரஷ் அதைத் தேய்த்துத் தோலை உரிக்கும், இல்லையென்றால் இரண்டாகப் பிளக்கும். பிளந்தது முளைக்காது. தோல் உரிந்தது முளைத்தாலும் மண்ணிலுள்ள பூஞ்சணம் சுலபமாகப் பிடித்து, கழுத்தழுகலில் போய்விடும். மண் மூடியிருப்பதால் ஒரு வாரத்துக்கு எதுவுமே தெரியாது. தெரியும்போது ஈரம் காய்ந்திருக்கும். அப்போதும் விதை விற்றவரைத்தான் திட்டுகிறார்கள், ரோலரைக் கழற்றிப் பார்ப்பதில்லை. இதை ஒவ்வொரு ஆடியிலும் பார்ப்பது எரிச்சலாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தவிர்க்கக்கூடிய நஷ்டம் இது.

கடைக்குப் போகும்போது உங்கள் விதையையே எடுத்துப் போங்கள். இருப்பதிலேயே பெரிய பருப்பு குழியில் படுத்து, லேசாக ஆட வேண்டும். இரண்டு பருப்பு நுழைந்தால் குழி பெரிது. விதை இரட்டிப்பாகச் செலவாகும். சல்லடையில் சலித்து ஒரே அளவாக்கினால்தான் ஒரு ரோலர் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அடுத்து தார்ப்பாய் விரித்துச் சோதனை. சக்கரத்தின் விட்டம் 40 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்குச் சுமார் 126 செ.மீ. நகரும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ரோலரில் 12 குழி இருந்தால் பத்தரை செ.மீ.க்கு ஒரு பருப்பு. 20 சுற்றுக்கு 240 விழ வேண்டும். அதைப் பொறுக்கி, எத்தனை உரிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போனால் ரோலரை மாற்றச் சொல்லுங்கள். 30 செ.மீ. சாலில் ஏக்கருக்குச் சுமார் 13,500 மீட்டர் சால் வரும். 100 பருப்பு 40 கிராம் எடையுள்ள ரகமென்றால் 51 கிலோ பிடிக்கும். இந்தக் கணக்கிலிருந்து உங்கள் கருவி வெகுதூரம் விலகினால் குழி பொருந்தவில்லை என்று அர்த்தம்.

ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்தால் அரை மணி நேரமாவது நிழலில் உலர்த்துங்கள். பிசுபிசுப்போடு போட்டால் குழியிலேயே அப்பிக்கொள்ளும்.

மழமழச் சக்கரம்

வேண்டாம். பொலபொலவென்று உழுத செம்மண்ணில் அது சுற்றாமல் இழுபடும். சக்கரம் நின்றால் விதையும் நின்றுவிடும். முள் வைத்த சக்கரமாகப் பார்த்து வாங்குங்கள்.

சின்ன நிலத்துக்கு டிராக்டர் விதைப்பான்

25 சென்ட் சதுர நிலம் பக்கத்துக்கு 32 மீட்டர்தான். திருப்புவதற்கு இரு முனையிலும் நான்கு நான்கு மீட்டர் விட்டால் கால்வாசி நிலம் போச்சு. ஒன்றிரண்டு ஏக்கர் சேர்ந்தாற்போல இருந்தால் வேளாண் பொறியியல் துறையில் வாடகைக்கு எடுங்கள். உழவன் செயலியிலேயே பதியலாம்.

நெல்லுக்கு டிரம் சீடர்

முளைகட்டிய நெல்லை ஓட்டை வழியே விதைக்கும் கருவி இது. டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முளை நீளவிட்டால் ஓட்டையில் சிக்கும்.

களைக் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

30 செ.மீ. சாலில் விதைத்துவிட்டு 60 செ.மீ. அகல பவர் வீடரை வாங்கினால் அது வரப்பில்தான் நிற்கும். முதலில் களைக் கருவியை முடிவு செய்யுங்கள். 15 முதல் 20 செ.மீ. அகலக் கத்தி உள்ள கைச்சக்கரக் கருவி இந்தச் சாலில் தாராளமாகப் போகும். 40 முதல் 45 நாளுக்குள் ஜிப்சம் போட்டு மண் அணைத்து முடித்துவிட வேண்டும். அதன் பிறகு காயாக மாறும் ஊசி பூவிலிருந்து மண்ணுக்குள் இறங்கும். மண்ணைக் கிளறினால் காய் அறுந்துபோகும்.