முகம் பொருந்தியது, பென்ஷன் நின்றது

நவம்பர் பிறந்தால் பேரப்பிள்ளைகள் கையில் போனும், எதிரே நாற்காலியில் தாத்தா பாட்டியுமாக ஆகிவிடுகிறது வீடு. பென்ஷன் நிற்காமல் வர வருடாவருடம் கொடுக்க வேண்டிய உயிர்வாழ் சான்றை, 2021 முதல் மத்திய அரசின் ஜீவன் பிரமாண் ஆப்பில் முகத்தைக் காட்டியே எடுக்கலாம். அருமையான வசதி. வெளிச்சம், லென்ஸ் துடைப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் தாண்டி நடக்கும் தப்புகளைத்தான் சொல்கிறேன்.

ஒரே ஆப் போதும் என்பது

முகத்தைச் சரிபார்க்கும் ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் வேண்டும். அதற்குத் தனி ஐகான் வராது. காணோமே என்று திரும்பத் திரும்ப இறக்காதீர்கள்.

"கண்ணைச் சிமிட்டு!" என்று கத்துவது

எதிரே இருப்பது போட்டோ அல்ல, ஆள்தான் என்று உறுதிசெய்யவே சிமிட்டச் சொல்கிறது. கத்தினால் பெரியவர்கள் கண்ணை இறுக மூடிக்கொள்கிறார்கள். இயல்பாகச் சிமிட்டட்டும்.

சான்றின் எண்ணான பிரமாண் ஐடி வந்ததும் எழுந்துவிடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். முகம் பொருந்தினால் ஆதார்காரர் இவர்தான், உயிரோடு இருக்கிறார் என்று மட்டுமே அர்த்தம். பிபிஓ எண் (பென்ஷன் ஆணையின் எண்), பென்ஷன் வகை, எந்த வங்கி என்பதெல்லாம் நீங்கள் நிரப்புவது. அதைப் பென்ஷன் கொடுக்கும் இடத்தில் ஒத்துப்பார்ப்பார்கள்; தப்பென்றால் நிராகரிப்பார்கள்.

எதிர்வீட்டுப் பாட்டிக்குத் தபால் துறையில் உழைத்த பென்ஷன் ஒன்று, ரயில்வேயில் இருந்த தாத்தாவின் குடும்பப் பென்ஷன் ஒன்று. பேரன் ஒரே ஒரு சான்று எடுத்தான். அதிலும் குடும்பப் பென்ஷனின் பிபிஓ எண்ணைப் போட்டு, வகையில் சொந்தப் பென்ஷனைத் தேர்ந்தெடுத்துவிட்டான். "ஐடி வந்துடுச்சு, முடிஞ்சுது பாட்டி" என்று கிளம்பியும் போனான். டிசம்பரில் இரண்டு பென்ஷனும் வரவில்லை. மருந்துக்கடையில் கடன் சொல்லி நின்றார் பாட்டி. கேட்டால், "ஃபேஸ் மேட்ச் ஆச்சே!" என்கிறான். சான்று கொடுத்தபின் நிலுவை வந்துவிடும், சரி. அதுவரை மாத்திரைக்கு யார் பணம் தருவது?

பிபிஓ புத்தகத்தையும் பாஸ்புக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஒருவர் எண்ணை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் அடியுங்கள். இரண்டு பிபிஓ என்றால் இரண்டு சான்று. அப்புறம் சில நாள் கழித்து, அந்த ஐடியைப் போட்டு ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். நிராகரித்திருந்தால் விவரத்தைத் திருத்திப் புதிதாக எடுக்க வேண்டும். நவம்பர் 30 அன்று எடுத்தால் இதற்கு ஏது நேரம்?

போன வருட ஐடி

செல்லாது.

போனில் கூப்பிட்டு ஓடிபி கேட்டால்

வைத்துவிடுங்கள்.

80 தாண்டியவர்களை நவம்பர் வரை காக்கவைப்பது

மத்திய அரசு ஓய்வூதியர் என்றால் அவர்களுக்கு அக்டோபர் 1 முதலே எடுக்கலாம். முதல் வாரத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள்.