தோட்டத்துக்குள்ள குரூப் ரைடா? முதல்ல கேட் சாவி யார்கிட்டன்னு கேளுங்க

மலேசியாவுல, பேராக் மாநிலத்துல நம்ம சுங்கை சிப்புட் பக்கம் ஞாயித்துக்கிழமை ஆனா மவுண்டன் பைக் எடுத்துக்கிட்டு செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துக்குள்ள போறவங்க இப்ப நெறைய பேரு. செம்மண் சடக்கு (ரோடு), மேடு பள்ளம், பழைய ரப்பர் காடு, எல்லாம் டவுன்ல இருந்து கொஞ்ச தூரத்துலயே இருக்கு, காசும் இல்ல. ஆனா ஒருத்தன் விழுந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா பாதி பேரு "பிளாஸ்தர் இருக்கு லா"ங்கறாங்க. நாங்களும் அப்படித்தான் இருந்தோம்.

ஒரு தடவை ஏழு பேரு போனோம். முந்தின நாள் மழை, சடக்குல கெடந்த ஈர மட்டை மேல முன் டயர் ஏறி வழுக்கி ஒரு தம்பி தோள் அடிச்சு விழுந்துட்டான், காரை எலும்பு போயிருச்சு, பார்த்தாலே தெரியுது. அவசர நம்பர் 999க்கு அடிச்சோம், உடனே எடுத்தாங்க, எங்க இருக்கீங்கன்னு கேட்டாங்க. செம்பனைத் தோட்டத்துலன்னு சொன்னோம். எந்தப் பக்கம்? சுத்திப் பார்க்கிறோம், எல்லாம் மரம்தான். செம்பனையை சுமார் 9 மீட்டருக்கு ஒண்ணா நடுவாங்க, ஹெக்டருக்கு 136ல இருந்து 148 மரம், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே வரிசை. கடைசியில வழி சொல்லி ஆம்புலன்ஸ் வந்தா பின்பக்க கேட்ல சங்கிலி போட்டு பூட்டியிருக்கு. அவங்க மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல, தப்பு எங்களோடதுதான். மருந்துப் பை எவ்வளவு பெருசா இருந்தாலும் ஆளை வெளிய கொண்டு வர வழி தெரியலன்னா அது வெறும் சுமை.

அதனால இப்ப நான் ரைடு பிளான் பண்ணா முதல் வேலை ரூட் இல்ல, வெளிய வர்ற வழி. சனிக்கிழமை மோட்டார்ல ஒரு ரவுண்டு போயிட்டு வந்துருவேன். முதல்ல தோட்ட ஆபிஸ்ல போய் கிராணிகிட்ட (கிளார்க்) விஷயத்தைச் சொல்லி அனுமதி கேளுங்க, தனியார் நிலம் அது, கேக்காம நுழையக் கூடாது. அப்புறம் காவலுக்கு இருக்கிற ஜாகாகிட்ட எந்த கேட் திறந்திருக்கும், சாவி யார்கிட்ட, ஞாயித்துக்கிழமை அவரு எத்தனை மணி வரைக்கும் இருப்பாருன்னு கேட்டு போன் நம்பர் வாங்கி வச்சுக்குங்க. ஒரு தே தாரே (டீ) வாங்கிக் கொடுத்தா போதும், எந்தப் பாலம் உளுத்துப் போச்சு, எங்க நாய் துரத்தும், எல்லாம் அவரே சொல்லிடுவாரு.

போற வழியில மரவரிசை முனையில சின்ன போர்டு இருக்கும், பிளாக் நம்பர், நட்ட வருஷம், எத்தனை ஹெக்டர்னு எழுதியிருப்பாங்க. அதைத் தாண்டும்போதெல்லாம் போன்ல ஒரு படம் எடுத்துக்குங்க. ஆம்புலன்ஸ்காரங்களுக்கு அது புரியாது, ஆனா ஜாகாவுக்கும் வேலையாட்களை மேய்க்கிற மண்டோருக்கும் உடனே புரியும், அவங்கதான் வழிகாட்டி கூட்டிட்டு வரணும். மரத்தடியில இருக்கிற முனீஸ்வரர் சாமி மேடையும் அதே மாதிரிதான், கூகள் மேப்ல இருக்காது, தோட்டத்து ஆளுங்க அத்தனை பேருக்கும் தெரியும். 999க்குச் சொல்ல மேப்ல விரலை அழுத்திப் பிடிச்சா ரெண்டு நம்பர் வரும், நம்ம ஏரியான்னா ஒண்ணு 4.8ல தொடங்கும், இன்னொண்ணு 101.0ல. அதை அப்படியே படிங்க. மேப்பை வீட்டுலயே டவுன்லோட் பண்ணிடுங்க, பள்ளத்துல லைன் கெடைக்காது. வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் 8 மணி நேரம் ஓடும், வீட்டுல ஒருத்தருக்கு அனுப்பிட்டு, 11 மணிக்குள்ள போன் வரலன்னா யாரைக் கூப்பிடணும்னும் சொல்லி வைங்க. காலையில ஏழரைக்குக் கிளம்புங்க, மத்தியானத்துக்கு மேல இடி மழை வந்தா மரத்தடியில நிக்கவும் முடியாது.

ஞாயித்துக்கிழமை செம்பனைப் பழம் ஏத்துற லோரி குறைவு, அது நல்லது. ஆனா உதவிக்கும் ஆள் இருக்காது. அதுக்குத்தான் கொறஞ்சது நாலு பேரு வேணுங்கறது: ஒருத்தன் விழுந்தா ஒருத்தன் கூட இருப்பான், ரெண்டு பேரு சேர்ந்து உதவி தேடிப் போவாங்க. பத்துக்கு மேல போனா ரெண்டு குரூப்பா பிரிச்சிடுங்க. முன்னால ரூட் தெரிஞ்சவரு, கடைசியில நிதானமா ஓட்டுற ஒரு அண்ணன், அவருகிட்டதான் மருந்துப் பை. முன்னாடி போறவன்கிட்ட பை இருந்தா அடிபட்டவன் பின்னால கெடப்பான். சடக்கு பிரியுற சந்து வந்தா பின்னால வர்றவர் கண்ணுல படுற வரைக்கும் நகரக் கூடாது. கிளம்புறதுக்கு முன்னாடி யாருக்கு சுகர், யாருக்கு ஆஸ்துமா, மருந்து எங்க வச்சிருக்காங்கன்னு கேட்டுக்குங்க, வெக்கப்படாதீங்க.

இனி அடிபட்டா. மவுண்டன் பைக்ல அடிக்கடி உடையறது காரை எலும்புதான். ஜெர்சியோட கீழ்நுனியை முன்கை மேல மடிச்சு தூக்கி நெஞ்சுகிட்ட ரெண்டு ஊக்கு குத்துங்க, தொட்டில் ரெடி. ஊக்கு இல்லன்னா ஸ்பேர் டியூப்பைக் கழுத்துல மாட்டி மணிக்கட்டுல சுத்துங்க, தம்பிக்கு அப்படித்தான் பண்ணோம். விரல் நிறம் மாறுதா, மரத்துப் போகுதான்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.

ரத்தம் வந்தா சுத்தமான துணியால அழுத்திப் புடிங்க, பத்து நிமிஷம் எடுத்துப் பார்க்காம. சிராய்ப்பை நல்ல தண்ணி ஊத்தி மண் போக கழுவுங்க, காப்பித்தூள், மஞ்சத்தூள் எதுவும் வேணாம் லா. செம்பனை முள் மூட்டுக்குப் பக்கத்துல குத்தினா ஊசியால நோண்டாதீங்க, துண்டு உள்ள நின்னா மூட்டு வீங்கிரும், டாக்டர்தான் எடுக்கணும். டெட்டனஸ் ஊசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு யோசிங்க, அழுக்குக் காயம்னா அஞ்சு வருஷம் தாண்டியிருந்தா திரும்பப் போடச் சொல்வாங்க. பாரிட் (வாய்க்கால்) தண்ணியில புண்ணு நனைஞ்சிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள காய்ச்சல் வந்தா தோட்டத்துக்குப் போனதை டாக்டர்கிட்ட சொல்லுங்க, எலிக் காய்ச்சலா இருக்கலாம்.

தலைதான் பயம். விழுந்தவன் எழுந்து சிரிச்சாலும் இன்னிக்கு என்ன கிழமை, எங்க பசியாறினோம்னு கேளுங்க. கேட்டதையே திரும்பக் கேட்டா, வாந்தி எடுத்தா, தலைவலி கூடிக்கிட்டே போனா அவ்வளவுதான், ஓட்டக் கூடாது, ஆஸ்பத்திரி. கழுத்து வலி, கை கால் மரத்துப் போச்சுன்னா ஆளையும் அசைக்காதீங்க, மூச்சு விடக் கஷ்டம் இல்லாத வரைக்கும் ஹெல்மெட்டையும் கழட்டாதீங்க. நல்லா அடி வாங்கின ஹெல்மெட் அதோட முடிஞ்சுது, வெளிய கீறல் இல்லாட்டியும்.

பாம்பு கேப்பீங்க. எலி இருக்கிற இடத்துல நாகம் இருக்கும், எலியைப் புடிக்கத்தான் தோட்டத்துல ஆந்தைக்குப் பொட்டி கட்டி வச்சிருக்காங்க. கடிச்சா வெட்டாதீங்க, உறிஞ்சாதீங்க, இறுக்கிக் கட்டாதீங்க, மோதிரம் வாட்ச் கழட்டி, கடிபட்ட கையை காலை அசைக்காம ஆஸ்பத்திரிக்கு. கண்ணுல விஷம் பீச்சினா இருக்கிற தண்ணி எல்லாத்தையும் ஊத்திக் கழுவுங்க, அதுக்காகவே கடைசி ஒரு போத்தல் குடிக்காம வைங்க.

வெயில்ல ஒருத்தன் ஒளற ஆரம்பிச்சா நிழல், தண்ணி ஊத்தி விசிறி விடறது, 999, இதுல தாமதம் ஆகாது.

வெளிய வந்ததும் வீட்டுக்கு போன் போட்டுட்டு, கடையில உட்கார்றதுக்கு முன்னாடியே பையைத் திறந்து என்ன தீர்ந்திருக்குன்னு பாருங்க, ரொட்டி சானாய் மேசைக்கு வந்துருச்சுன்னா ஒருத்தனுக்கும் ஞாபகம் இருக்காது.