மரத்தைப் பார்த்து விலை சொன்னால் கையைக் கடிக்கும்: மரம் வெட்டும் தொழிலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுக்காரர் கூட்டிப்போய் மரத்தைக் காட்டுவார். "எவ்ளோ ஆவும்ணா?" என்பார். அண்ணாந்து பார்த்துவிட்டு "எட்டாயிரம் குடுங்க" என்று சொல்லிவிட்டு வருவதுதான் இந்தத் தொழிலில் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். விலை மரத்தில் இல்லை. மரத்துக்குக் கீழே என்ன இருக்கிறது, கட்டை எந்த வழியாக வெளியே போகும், வண்டி எங்கே நிற்கும் என்பதில்தான் இருக்கிறது. வடசென்னை மாதவரத்தில் காலி மனையில் நிற்கும் வாதாம் மரத்தை அரை நாளில் சாய்த்துவிடலாம். அதே அளவு மரம் வியாசர்பாடியில் ஆறடிச் சந்துக்குள், இரண்டு பக்கமும் சிமென்ட் ஷீட் கூரைக்கு நடுவே நின்றால் முழு நாள் போதாது. வெட்டும் நேரம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இறக்குவதற்கும் அள்ளுவதற்கும்தான் நாள் போகிறது.

அதனால் அளவெடுக்காமல் வாய் திறக்கக் கூடாது. பையில் ஒரு டேப் இருந்தால் போதும். அடிமரத்தின் சுற்றளவை அடிக்கணக்கில் எடுங்கள். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, 12.5 ஆல் வகுத்து, துண்டின் நீளத்தால் பெருக்கினால் கன அடி வரும். பச்சைக் கட்டை கன அடிக்கு 25 முதல் 28 கிலோ இருக்கும். சுற்றளவு 3 அடி, நீளம் 3 அடி என்றால் ஏறக்குறைய 58 கிலோ. இரண்டு பேர் தூக்கிவிடலாம். சுற்றளவு 6 அடியானால் அதே நீளத் துண்டு 230 கிலோவைத் தாண்டும். பருமன் இரண்டு மடங்கானால் எடை நான்கு மடங்கு. பலரும் இரண்டு மடங்கு என்று நினைத்து விலை சொல்கிறார்கள். ஆள் போதாமல் மாலையில் கூடுதல் கூலிக்கு ஆள் தேடுவது இதனால்தான்.

குட்டியானை (டாடா ஏஸ் வண்டி) ஏற்றுவது சுமார் 750 கிலோ. அந்த 230 கிலோ துண்டு மூன்று ஏறினால் வண்டி முடிந்தது. கிளையும் இலையும் வேறு மாதிரி. எடை இருக்காது, இடம் அடைக்கும். கிளைகளை மூன்றடி நான்கடியாக நறுக்கி, அடிப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி அடுக்கி, மிதித்து, கயிறு போட்டுக் கட்டினால் இரண்டு நடையில் போவது, அப்படியே தூக்கிப் போட்டால் மூன்று நடை ஆகும். நடைக்கு வாடகை மட்டும் கணக்கில்லை. மணலி சாலையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டினால், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றால், வண்டி திரும்பி வரும்வரை நான்கு ஆட்கள் உட்கார்ந்து கூலி வாங்குவார்கள். முடிந்தவரை காலை ஏழு மணிக்கே முதல் நடை கிளம்ப வேண்டும்.

கழிவை எங்கே கொட்டுவது என்பதும் விலை சொல்லும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். கால்வாய் ஓரத்தில் இருட்டில் தள்ளிவிட்டு வருவது அபராதத்தில் முடியும். பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லாவும் ஏற்கெனவே படும் பாடு போதும்.

ஒரு வேலைக்குக் கணக்குப் போடும் விதம்

30 அடி வாதாம், சந்துக்குள் வீடு, மெயின் ரோடு வரை 150 அடி தூக்கிப் போக வேண்டும், ஒரு நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள தொகைகள் உதாரணத்துக்கு. உங்கள் ஏரியா ரேட்டைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏறுகிற ஆள் ஒருவர் 1,800. கீழாள் மூன்று பேர், தலைக்கு 1,000 வீதம் 3,000. டீ, சாப்பாடு நாலு பேருக்கு 600. பெட்ரோல், அதில் கலக்கும் 2டி ஆயில், செயின் ஆயில் 600. குட்டியானை மூன்று நடை, 1,500 வீதம் 4,500. மரம் அறுக்கும் செயின் மெஷின், அதன் செயின், கயிறு தேய்மானம் 700. உங்கள் சம்பளம் 1,500. கூட்டினால் 12,700. எதிர்பாராததற்கு 10 சதவீதம் சேர்த்தால் 13,970. அதன் மேல் லாபம் 15 சதவீதம் வைத்தால் 16,000 ரூபாய் சொச்சம். பார்வையில் எட்டாயிரம் சொன்னவர் ஆள் கூலி, சாப்பாடு, பெட்ரோல், ஒரு நடை வண்டி இவற்றோடு கணக்கை நிறுத்தியவர்.

இதில் அடிக்கடி விட்டுப்போவது தன் சம்பளமும் தேய்மானமும்தான். "நம்ம மெஷின்தானே" என்று விட்டால், அது பழுதாகும் நாளில் புதிது வாங்கக் கையில் காசு இருக்காது. 40,000 ரூபாய் மெஷின் 400 வேலை நாள் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 100 ரூபாய் தனியாக எடுத்து வைக்க வேண்டும். செயின் செலவு வடசென்னையில் இன்னும் அதிகம். தெரு மரத்தில் விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, பழைய கேபிள் ஒயர், மரத்துக்குள்ளேயே புதைந்துபோன கூண்டுக் கம்பி என்று என்னென்னவோ இருக்கும். பட்டையில் கருப்பாகக் கறை இறங்கியிருந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் புடைத்திருந்தாலோ அங்கே வெட்டாமல் ஒரு அடி மேலேயோ கீழேயோ மாற்றுங்கள். செயின் மொட்டையாகிவிட்டதா என்று பார்க்க வெட்டுத்தூளைப் பாருங்கள். சீவலாக வந்தால் சரி. மாவு மாதிரி வந்தால் உடனே அரம் போட வேண்டும். மெஷினை அழுத்தி ஓட்டினால் பெட்ரோலும் கையும்தான் வீண்.

"கட்டையை நீங்களே எடுத்துக்கோங்க, காசு வேணாம்" என்ற பேரம் இன்னொரு பொறி. வேம்பு, மா, தூங்குமூஞ்சி என்றால் வாங்க ஆள் உண்டு. முருங்கைக்கும் வாதாமுக்கும் விறகுக் கடையில் மதிப்பு கிடையாது. பருத்த வேப்பமரமே ஆனாலும் உள்ளே பொந்து இருக்கலாம். ஆணி இருந்தால் அறுவை மில்லில் வாங்க யோசிப்பார்கள். கூலியைத் தனியாகப் பேசுங்கள். கட்டை யாருக்கு என்பதை அதற்குப் பிறகு தனியாகப் பேசுங்கள்.

கயிறு

காசிமேட்டில் படகிலிருந்து கழித்த பழைய கயிறு மலிவாகக் கிடைக்கும். கட்டுக்கட்டாக வாங்கி வந்து அதில் கட்டை இறக்குகிறார்கள். அது உப்பிலும் வெயிலிலும் வெந்த கயிறு. வெளியே நூல் பிரிந்திருக்காது, உள்ளே தூளாகியிருக்கும். வண்டியில் பாரம் கட்ட வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு மேல் வேண்டாம். பளபளப்பான நீல பிளாஸ்டிக் கயிறும் அப்படித்தான். மரத்தில் இரண்டு சுற்றுப் போட்டு இறக்கும்போது உராய்வுச் சூட்டில் இளகிவிடும்.

புது நைலான் கயிறு 12 மி.மீ. என்றால் அறுபடும் எடை மூன்று டன்னை ஒட்டி வரும். அதற்காக மூன்று டன் கட்டலாம் என்று அர்த்தமில்லை. முடிச்சு போட்ட இடத்திலேயே பலம் மூன்றில் ஒரு பங்காவது குறையும். துண்டு ஓரடி இரண்டடி விழுந்து கயிறு வெடுக்கென்று பிடிக்கும்போது, கட்டையின் எடையைப் போலப் பல மடங்கு இழுக்கும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 300 கிலோ என்பதுதான் எல்லை. அதுவும் துண்டைத் தொப்பென்று விழவிடாமல் மெதுவாக இறக்கும்போது. 230 கிலோ துண்டை ஒரே வீச்சில் தள்ளாமல் ஒன்றரை அடியாக இரண்டாக வெட்டி இறக்கினால், நேரம் பத்து நிமிடம் கூடும், ஷீட் உடையாது. ஒரு சிமென்ட் ஷீட்டுக்கும் அதை மாற்றும் கூலிக்கும் உங்கள் லாபம் மொத்தமும் போய்விடும்.

ஏறும் ஆளுக்கு இடுப்புக் கயிறு மட்டும் போதாது. முழு உடல் பெல்ட் வேண்டும், மெஷினை ஓட்டும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும். ஒன்றைத் தவறி வெட்டிவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும். முருங்கையில் மட்டும் ஆளை ஏற்றவே வேண்டாம். தொடைப் பருமன் கிளையும் சொல்லாமல் முறியும். ஏணி போட்டுக் கீழிருந்து கழிக்கலாம். மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும், அதைப் பார்க்காமல் கை வைத்தால் அன்றைய வேலை அத்தோடு சரி.

கிளை வெட்டும்போது மேலிருந்து ஒரே வெட்டில் வெட்டினால் பட்டை கிழிந்து அடிமரம் வரை உரியும். முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, அடியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டு. இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது. பாரம் விழுந்த பிறகு, கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் உள்ள கழுத்துப் புடைப்பை ஒட்டி, புடைப்பை வெட்டாமல், மூன்றாவது. "மொட்டை அடிச்சிடுங்க" என்று கேட்பவர்களுக்கு விலை சொல்லும் முன் விளக்கிச் சொல்லுங்கள். மொட்டையடித்த இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் பட்டையை மட்டும் பிடித்து நிற்கும். இரண்டு மூன்று வருடத்தில் அவையே காற்றில் பிய்ந்து விழும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்தபோது சென்னையில் சாய்ந்த ஆயிரக்கணக்கான மரங்களில் செம்மயிற்கொன்றையும் (குல்மொஹர்) பெருங்கொன்றையும் ஏராளம். அந்த இரண்டு மரமும் பெரிய வெட்டுக்காயத்தைத் தாங்காது.

புயலில் சாய்ந்த மரத்துக்குத் தனி விலை. வளைந்து நிற்கும் கட்டையில் உள்வளைவுப் பக்கம் அமுங்கியிருக்கும், வெளிவளைவுப் பக்கம் விறைத்திருக்கும். விறைத்த பக்கத்தில் முதல் வெட்டு போட்டால் வெடித்து முகத்தில் அடிக்கும். அமுங்கிய பக்கத்தில் மெஷின் சிக்காத அளவுக்குக் கொஞ்சம் வெட்டிவிட்டுப் பிறகு மறுபக்கம் போக வேண்டும். வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை வெட்டியதும் வேர்த்தட்டு படாரென்று நிமிர்ந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் ஆள் நிற்கக் கூடாது.

அனுமதியும் கரண்டும்

"நாங்கதான் நட்டோம், எங்க மரம்தான்" என்பார்கள். கேட்டுக்கு வெளியே, தெருவில் நிற்கும் மரம் யார் நட்டிருந்தாலும் மாநகராட்சி மரம். கிளை கழிக்கவும் அந்தந்த மண்டல அலுவலகத்தில் கேட்க வேண்டும், 1913-லும் புகார் பதியலாம். அரசு இடத்து மரத்தை வெட்ட மாவட்ட பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அனுமதி வாங்குவது வீட்டுக்காரர் வேலை என்று முதலிலேயே சொல்லுங்கள், தாளின் நகல் கையில் வராமல் ஆளை அனுப்பாதீர்கள்.

திருவொற்றியூர், மணலி பக்கம் மேலே போகும் மின்கம்பி இன்னும் நிறைய. கம்பிக்குப் பக்கத்தில் கிளை இருந்தால் எல்.சி. (லைன் கிளியர், அதாவது அந்தக் கம்பியில் கரண்டை நிறுத்திவிட்டதாக மின்வாரியம் தரும் அனுமதி) வாங்காமல் கை வைக்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்புக்காக ஏரியாவில் கரண்ட் நிறுத்தும் நாள் முன்கூட்டியே பேப்பரில் வரும், பெரும்பாலும் காலை 9 முதல் 2 மணி வரை. வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அறிவிப்பை மட்டும் நம்பி ஏறுவது ஆபத்து. பணி சீக்கிரம் முடிந்தால் கரண்ட் முன்பே வந்துவிடும், பக்கத்து வீட்டு ஜெனரேட்டரும் கம்பிக்குள் மின்சாரம் தள்ளலாம். லைன்மேனிடம் நேரில் பேசி, அவர் சொன்ன பிறகே ஏற வேண்டும்.

வேப்பமரத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தால் கற்பூரம் ஏற்றாமல் ஆட்கள் அரிவாளைத் தொட மாட்டார்கள். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஆடி மாதம் என்றால் வேலையையே தள்ளிப்போடுவது நல்லது.

பேசியது வாட்ஸ்அப்பில் இருக்கட்டும்

எந்த மரம், எவ்வளவு உயரம் வரை, கட்டை யாருக்கு, கழிவு யார் எடுப்பது, அடிக்கட்டை தரை மட்டமா வேரோடா, முன்பணம் எவ்வளவு. இவ்வளவும் ஒரே மெசேஜில் போக வேண்டும். சண்டை பெரும்பாலும் அடிக்கட்டையில்தான் வரும். வேரோடு எடுப்பது தனி வேலை. கீழே மெட்ரோ வாட்டர் பைப்பும் டிரெய்னேஜும் போகும் என்பதால் தனி விலை சொல்ல வேண்டும். ஏறுவதற்கு முன் கூரை, சன்ஷேட், காம்பவுண்டு சுவர், மாடித் தண்ணீர் டேங்க் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அதே மெசேஜில் அனுப்பினால், பழைய விரிசலுக்கு நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்காது.

பேரம் பேசினால் விலையைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். "அண்ணே, கழிவை நீங்க பார்த்துக்கிட்டா நாலாயிரத்து ஐந்நூறு குறையும்" என்று சொன்னால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். வண்டிக்காசு மட்டும்தான் போகிறது, உங்கள் கூலி குறையாது.

வேலையில் ஆளுக்கு அடிபட்டால் பொறுப்பு அவரை வேலைக்கு வைத்தவருக்குத்தான் என்பது 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டக் காலத்திலிருந்தே உள்ள நிலை. தினக்கூலி ஆள் என்று தப்பிக்க முடியாது. ஆட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்து, அதன் வருடப் பிரீமியத்தை வேலை நாட்களால் வகுத்து மேலே சொன்ன கணக்கில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மணலியில் கம்பெனி வேலை பிடித்தால் ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டும்போது ஒரு சதவீதம் டிடிஎஸ் (பில் தொகையிலேயே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போய்விடும். அதனால் பில் புத்தகம் அச்சடிக்கும்போதே அந்த எண்ணையும் போட்டுவிடுங்கள்.